யூசேபியோ பிரான்சிஸ்கோ கீனோ

யூசேபியோ பிரான்சிஸ்கோ கீனோ (1645 – மார்ச் 15, 1711) என்பவர் இயேசு சபையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு, மறைப்பணியாளர், வானியலாளர், நிலப்பட வரைஞர் ஆவார். இன்றைய இத்தாலியின் வடபகுதியில் பிறந்த இவர், தம் வாழ்வின் கடைசி 24 ஆண்டுகளை எசுப்பானியப் பேரரசின் வடமேற்கு எல்லையாக இருந்த பீமேரியா ஆல்ட்டா என்னும் பாலைநிலப் பகுதியில் கழித்தார். அப்பகுதி இன்று மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தின் வடபகுதியாகவும், ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் தென்பகுதியாகவும் பிரிந்துள்ளது.

கலிபோர்னியா ஒரு தீவு என்று ஐரோப்பியர் நம்பியிருந்த காலத்தில், தரைவழியாகவே அதனை அடையலாம் என்று நேரில் சென்று காட்டியமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். வெள்ளிச் சுரங்கங்களின் கட்டாய வேலையிலிருந்து அப்பகுதியின் முதற்குடிகளைக் காக்க அரசாணையைக் கையிலேந்தி வாதாடியதும் இவரது முக்கியமான பணியாகும். அதேவேளை, இவர் நிறுவிய மறைப்பணித் தளங்கள் எசுப்பானிய ஆட்சி வடக்கே பரவுவதற்கான வழியாகவும் அமைந்தன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலே இவரது வாழ்க்கையை விளங்கிக்கொள்ள முடியும்.

பிறப்பும் கல்வியும்

கீனோ, ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் திரெந்தோ நகருக்கு அருகிலுள்ள செஞ்ஞோ என்னும் சிற்றூரில் பிறந்தார். 1645 ஆகஸ்ட் 10 அன்று இவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அப்போது அப்பகுதி புனித உரோமைப் பேரரசின் கீழ் இருந்தது. குடும்பப் பெயர் கீனி என்பதாகும். எசுப்பானிய மொழியில் எழுதியபோது அதனையே இவர் கீனோ என்று மாற்றிக்கொண்டார்.

திரெந்தோவிலும் ஆஸ்திரியாவின் ஹால் நகரிலும் இயேசு சபையினர் நடத்திய கல்லூரிகளில் இவர் பயின்றார். 1663 இல் கடுமையான நோய்க்கு ஆளானார். உயிர் பிழைத்தால் மறைப்பணியாளராவதாகப் புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். நலமடைந்தபின் நன்றியாகப் 'பிரான்சிஸ்கோ' என்ற பெயரைத் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டார். 1542 முதல் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரையோர ஊர்களில் பணியாற்றிய சவேரியாரே இவர். அவரைப் போலக் கீழைநாடுகளுக்குச் செல்லவேண்டும் என்பது கீனோவின் இளமைக்கால விருப்பமாக இருந்தது.

1665 இல் இயேசு சபையில் சேர்ந்த கீனோ, இங்கோல்ஸ்டாட், பிரைபூர்க், இன்சுபுரூக் முதலிய நகரங்களில் மெய்யியல், இறையியல், கணிதம், வானியல், நிலப்படவியல் ஆகியவற்றைக் கற்றார். கணிதத்தில் இவருக்கிருந்த புலமை காரணமாக இங்கோல்ஸ்டாட்டில் பேராசிரியர் பதவி அளிக்க முன்வந்தனர். அதனை இவர் ஏற்கவில்லை. சீனப் பேரரசின் அவையில் இயேசு சபையினர் வானியல் வல்லுநர்களாக மதிக்கப்பட்டதால், அங்கே தமது கணித அறிவு பயன்படும் என்று இவர் கருதியிருந்தார். 1677 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

சீட்டுக் குலுக்கலும் கடற்பயணமும்

1678 இல் இவருக்கும் அந்தோனியோ கெர்ஷ்பாமர் என்ற மற்றொரு குருவுக்கும் இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒன்று மெக்சிகோ, மற்றொன்று பிலிப்பைன்ஸ். சீனாவுக்குச் செல்ல வாய்ப்புள்ள பிலிப்பைன்சையே இருவரும் விரும்பினர். எனவே சீட்டுக் குலுக்கிப் பார்க்க முடிவு செய்தனர். கீனோவுக்கு மெக்சிகோ என்ற சீட்டே வந்தது.

எசுப்பானியாவின் காதிஸ் துறைமுகத்தை அடைந்தபோது கப்பல் தொகுதி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. அடுத்த வாய்ப்புக்காக ஈராண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1680 இல் ஏறிய கப்பல் துறைமுகத்தைவிட்டு வெளியேறும்போதே மணல்திட்டில் மோதிச் சிதைந்தது. 1681 சனவரியில்தான் இவரது பயணம் உண்மையில் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதம் மெக்சிகோவின் வேராகுரூஸ் துறைமுகத்தில் இறங்கினார்.

வால்வெள்ளி பற்றிய விவாதம்

காதிசில் காத்திருந்த காலத்தில் 1680 இன் பெரிய வால்வெள்ளியைக் கீனோ உற்றுநோக்கிக் குறிப்புகள் எடுத்தார். இவ்வால்வெள்ளியின் பாதையையே ஐசக் நியூட்டன் தமது பிரின்சிப்பியா நூலில் (1687) ஈர்ப்பு விதிக்குச் சான்றாகக் கணக்கிட்டுக் காட்டினார். கீனோ தம் குறிப்புகளை விரித்து 1681 இல் மெக்சிகோ நகரில் ஒரு நூலாக வெளியிட்டார். வால்வெள்ளியின் தொலைவு, இயக்கம் ஆகியவற்றைக் கணித முறையில் ஆராய்ந்த அந்நூல், வால்வெள்ளி வரவிருக்கும் தீங்குகளுக்கான அறிகுறி என்ற பழைய நம்பிக்கையையும் ஆதரித்தது.

மெக்சிகோவின் புகழ்பெற்ற அறிஞரான கார்லோஸ் தே சிகுயென்சா இ கோங்கோரா, வால்வெள்ளி இயற்கை நிகழ்வே அன்றித் தீய அறிகுறி அன்று என்று வாதிட்டவர். கீனோவின் நூல் தம்மை மறைமுகமாகத் தாக்குவதாகக் கருதிய அவர் எழுதிய மறுப்புநூல் 1690 இல் வெளிவந்தது. பெண் துறவியும் கவிஞருமான ஹுவானா இனேஸ் தே லா குரூஸ் கீனோவைப் பாராட்டிக் கவிதை இயற்றினார். இவ்விவாதத்தில் சிகுயென்சாவின் பக்கமே அறிவியல் வலிமை இருந்தது என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்தாகும்.

கலிபோர்னியா முயற்சி (1683–1685)

கீனோ முதலில் அனுப்பப்பட்ட இடம் இன்று பாகா கலிபோர்னியா எனப்படும் தீபகற்பமாகும். படைத்தலைவர் இசித்ரோ தே அத்தோந்தோ தலைமையில் சென்ற குடியேற்றக் குழுவில் இவர் மறைப்பணியாளராகவும் அரச நிலப்பட வரைஞராகவும் இடம்பெற்றார். 1683 ஏப்ரலில் லா பாஸ் விரிகுடாவில் இறங்கிய இக்குழு நெடுங்காலம் அங்கு நிலைக்கவில்லை. உணவு தருவதாக அழைக்கப்பட்டு உண்டுகொண்டிருந்த குவாய்க்கூரா மக்கள்மீது அத்தோந்தோவின் ஆணைப்படி பீரங்கி சுடப்பட்டது. பலர் இறந்தனர். அதன்பின் குடியேற்றம் கைவிடப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபரில் வடக்கே சான் புரூனோ என்னுமிடத்தில் இரண்டாம் முயற்சி தொடங்கியது. இங்கே கீனோ கொச்சிமி மொழியைக் கற்றார். 'உயிர்த்தெழுதல்' என்பதற்குரிய சொல்லை அறிய ஒரு வழி கையாளப்பட்டதாகக் கூறப்படுகிறது. கீனோவும் உடனிருந்த கோபார்ட் என்னும் குருவும் ஈக்களைக் குளிர்ந்த நீரில் இட்டு, அவை இறந்தனபோல் ஆனதும் வெயிலில் வைத்தனர். ஈக்கள் மீண்டும் அசைந்தபோது சுற்றியிருந்தோர் வியந்து கூறிய சொற்களை எழுதிக்கொண்டனர்.

1684 டிசம்பரில் கீனோ அத்தோந்தோவுடன் மலைகளைக் கடந்து மேற்கே பசிபிக் கரையை அடைந்தார். ஐரோப்பியர் இத்தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்தது இதுவே முதன்முறை. அக்கரையில் நீலநிறம் ஒளிரும் பெரிய அபலோனிச் சிப்பிகளை இவர் கண்டார். இச்சிறு செய்தி பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பெரும் பயன் தந்தது.

மழையின்மை, உணவுப் பற்றாக்குறை, ஊட்டக்குறை நோய் ஆகியவற்றால் சான் புரூனோவும் 1685 இல் கைவிடப்பட்டது. வறண்ட நிலத்தில் ஒரு குடியேற்றம் நிலைக்க வேண்டுமானால் அருகிலுள்ள வளமான நிலத்திலிருந்து உணவு வரவேண்டும் என்ற படிப்பினையைக் கீனோ இதிலிருந்து பெற்றார்.

எல்லைப்புறத்தின் அமைப்பு

கீனோவின் பிற்காலப் பணியை அறிய அன்றைய எல்லைப்புறம் எவ்வாறு இயங்கியது என்பதை அறிதல் வேண்டும். எசுப்பானிய ஆட்சி வடக்கே பரவியபோது மூன்று அமைப்புகள் அதனுடன் சென்றன.

முதலாவது வெள்ளிச் சுரங்கம். சுரங்கத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். முதற்குடி ஊர்கள் முறைவைத்து ஆட்களை அனுப்பவேண்டும் என்ற கட்டாய வேலை முறை நடைமுறையில் இருந்தது. கூலி தரப்படவேண்டும் என்று சட்டம் கூறினாலும், அது பலவேளைகளில் பெயரளவில் மட்டுமே இருந்தது.

இரண்டாவது காவற்கோட்டை. அங்கிருந்த படைவீரர்கள் சாலைகளையும் சுரங்கங்களையும் காத்தனர். கால்நடைகள் களவுபோனால் தண்டனைப் படையெடுப்புகள் நடத்தினர்.

மூன்றாவது மறைப்பணித் தளம். ஒரு தலைமை ஊரில் கோவிலும் குருவும் இருப்பர். அதைச் சார்ந்த சிற்றூர்களுக்குக் குரு அவ்வப்போது செல்வார். சிதறி வாழ்ந்த மக்கள் இவ்வூர்களில் ஒன்றாகக் குடியமர்த்தப்பட்டனர். தளத்தின் பொது வயல்களில் அவர்கள் உழைத்தனர். மறைப்பணியாளர்களின் செலவுக்கு அரசே ஆண்டுப்படி வழங்கியது. ஆகவே குருவும் அரசின் ஆளாகவே எல்லைக்குச் சென்றார். ஆயினும் சுரங்க முதலாளிக்கும் குருவுக்கும் இடையே அதே மக்களின் உழைப்பு குறித்துத் தொடர்ந்து மோதல் இருந்தது.

கட்டாய வேலையும் அரசாணையும்

1686 இல் கீனோ சொனோராவின் வடக்கு எல்லைக்கு அனுப்பப்பட்டார். மக்களைச் சந்திக்கும் முன்பே இவர் செய்த முதற்பணி குவாதலஹாரா நகரின் உயர்நீதி மன்றத்துக்குச் சென்றதாகும். கிறித்தவம் தழுவினால் சுரங்கத்துக்கு இழுத்துச் செல்லப்படுவோம் என்ற அச்சமே முதற்குடிகள் திருமுழுக்குப் பெறத் தயங்குவதற்குக் காரணம் என்று இவர் மனு அளித்தார். அவ்வாண்டு மே மாதம் மன்னர் இரண்டாம் கார்லோஸ் பிறப்பித்த ஆணை, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோருக்கு 20 ஆண்டுகள் கட்டாய வேலையிலிருந்து விலக்கு அளித்தது. அதன் உறுதியைப் பெற்றுக்கொண்டே கீனோ வடக்கே சென்றார்.

இவ்விலக்கு சுரங்க உரிமையாளர்களையும் சில அதிகாரிகளையும் எரிச்சலடையச் செய்தது. பீமா மக்கள் நம்பத்தகாதவர்கள், திருடர்கள், அவர்களுக்குக் குருக்கள் தேவையில்லை என்ற குற்றச்சாட்டுகள் தொடர்ந்து மேலிடத்துக்குச் சென்றன. அவற்றை மறுத்து எழுதுவது கீனோவின் வாழ்நாள் பணிகளுள் ஒன்றாயிற்று.

பீமேரியா ஆல்ட்டாவில் பணி

பீமேரியா ஆல்ட்டா என்பதற்கு 'மேல் பீமா நிலம்' என்று பொருள். இங்கு வாழ்ந்த மக்களை எசுப்பானியர் பீமா என அழைத்தனர். அம்மக்கள் தங்களை ஓ'ஓதாம் என்று குறிப்பிட்டனர். அவர்தம் மொழியில் இதற்கு 'மக்கள்' என்று பொருள். ஆற்றங்கரைகளில் வாழ்ந்தோர் வாய்க்கால் வெட்டி மக்காச்சோளம், பயறு, பூசணி ஆகியவற்றைப் பயிரிட்டனர். பாலையில் வாழ்ந்தோர் மழைக்கேற்ப இடம்பெயர்ந்தனர்.

1687 மார்ச் 13 அன்று கீனோ கோசாரி என்ற ஊரை அடைந்து, அங்கே வியாகுல அன்னையின் பெயரால் தமது முதல் தளத்தை நிறுவினார். டொலோரெஸ் எனப்பட்ட இத்தளமே இவரது இறுதிக்காலம்வரை தலைமையிடமாக இருந்தது. இதிலிருந்து சான் இக்னாசியோ, இமுரிஸ், மக்தலேனா, கொக்கோஸ்பெரா, துபுத்தாமா, கபோர்க்கா முதலிய ஊர்களுக்குப் பணி விரிந்தது. 1691 இல் இன்றைய அரிசோனாவிலுள்ள துமக்காகொரியையும், 1692 இல் பாக் என்னும் பெரிய ஊரையும் அடைந்தார். மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட தளங்களும் துணைத்தளங்களும் இவரால் தொடங்கப்பட்டன.

பயிர்களும் கால்நடைகளும்

கீனோ கொண்டுவந்தவற்றுள் மக்களின் வாழ்வை மிகவும் மாற்றியது கோதுமை ஆகும். மக்காச்சோளமும் பயறும் கோடைமழையை நம்பி விளைபவை. கோதுமையோ குளிர்காலத்தில் வளர்ந்து வசந்தத்தின் இறுதியில் அறுவடையாகும். பழைய தானியம் தீர்ந்து புதியது வராத பஞ்சமாதங்களில் அது கைகொடுத்தது. கொண்டைக்கடலை, வெங்காயம், திராட்சை, மாதுளை, அத்தி, பீச் முதலியனவும் தளங்களில் பயிராயின.

மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றை ஒவ்வொரு தளத்திலும் இவர் பெருக்கினார். 1700 இல் டொலோரெசிலிருந்த 1,400 மாடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முதற்குடி மேற்பார்வையாளர் ஒருவரின் பொறுப்பில் பாக் ஊருக்கு அனுப்பினார். அவ்வாண்டே 700 மாடுகளை வளைகுடாவுக்கு அப்பால் லொரெத்தோவிலிருந்த தளத்துக்கு அனுப்பினார். தமது நண்பரான ஹுவான் மரியா சால்வாத்தியேரா 1697 இல் தொடங்கிய அத்தளத்தில், சான் புரூனோவில் நேர்ந்தது மீண்டும் நேராதிருக்க இவ்வுதவி தேவைப்பட்டது.

கால்நடைகளால் மற்றொரு விளைவும் ஏற்பட்டது. கிழக்கே வாழ்ந்த அப்பாச்சி முதலிய குழுக்களின் கொள்ளைத் தாக்குதல்களுக்கு அவை இலக்காயின. களவுபோன குதிரைகளுக்குப் பீமா மக்களே காரணம் என்று எசுப்பானியப் படையினர் ஐயுற்றனர். அடுத்து வந்த கலவரத்துக்கு இவ்வையமும் ஒரு காரணமாயிற்று.

1695 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி

துபுத்தாமா தளத்தில் மேற்பார்வையாளர்களாக அமர்த்தப்பட்டவர்கள் ஓப்பாத்தா என்னும் வேறொரு இனத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தங்களைக் கொடுமைப்படுத்துவதாகப் பீமா மக்கள் குறைகூறி வந்தனர். படைத்துணைத் தலைவர் அந்தோனியோ சோலிஸ் திருட்டு ஐயத்தின்பேரில் நடத்திய தண்டனைகளும் சினத்தை வளர்த்திருந்தன.

1695 மார்ச் 29 அன்று துபுத்தாமாவில் ஓப்பாத்தா பணியாளர்கள் கொல்லப்பட்டனர். கிளர்ச்சியாளர் ஆற்றின் வழியே கீழே சென்றனர். ஏப்ரல் 2 அன்று கபோர்க்காவிலிருந்த இளங்குரு பிரான்சிஸ்கோ சவேரியோ சாயேத்தா அம்புகளால் கொல்லப்பட்டார். சிசிலியைச் சேர்ந்த அவர் அங்கு வந்து ஆறு மாதங்களே ஆகியிருந்தன.

எல் தூப்போ படுகொலை

சூன் மாதத்தில், குற்றவாளிகளை அடையாளங்காட்டி ஒப்படைத்தால் மற்றவர்களுக்குத் தீங்கு வராது என்ற உறுதியின்பேரில், எல் தூப்போ என்ற சமவெளியில் பீமா மக்கள் ஆயுதமின்றிக் கூடினர். அவர்களுள் பலர் கிளர்ச்சியில் பங்கேற்காதவர்கள். அமைதியை ஏற்படுத்துவதற்காகவே மற்றவர்களை அழைத்துவந்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். குற்றவாளி என்று ஒருவர் சுட்டப்பட்டதும் சோலிஸ் அந்த இடத்திலேயே அவரது தலையை வாளால் துண்டித்தார். அஞ்சி ஓடியவர்கள்மீது படையினர் சுட்டனர். ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தனர். அந்த இடம் அதன்பின் லா மத்தான்சா, அதாவது 'படுகொலைக்களம்' என்றே அழைக்கப்பட்டது.

அதுவரை ஓரிரு ஊர்களில் மட்டும் இருந்த கிளர்ச்சி இதனால் பெரிதாயிற்று. துபுத்தாமா, கபோர்க்கா, இமுரிஸ், சான் இக்னாசியோ, மக்தலேனா ஆகிய தளங்கள் தீக்கிரையாயின. கீனோ டொலோரெசைவிட்டு வெளியேறவில்லை. அத்தளம் தாக்கப்படவுமில்லை. ஆகஸ்ட் இறுதியில் கீனோவின் முயற்சியுடன் உடன்பாடு ஏற்பட்டது.

மெக்சிகோ நகரப் பயணம்

பீமேரியாவைக் கைவிடவேண்டும் என்ற கருத்து மேலிடத்தில் எழுந்தது. இதை எதிர்த்து வாதிடக் கீனோ நேரில் செல்ல முடிவு செய்தார். 1695 நவம்பர் 16 அன்று புறப்பட்டு, குதிரைமீது 53 நாட்கள் பயணம் செய்து, 1696 சனவரி 8 அன்று மெக்சிகோ நகரை அடைந்தார். அப்போது இவருக்கு வயது ஐம்பது.

இக்காலத்தில் சாயேத்தாவின் வாழ்க்கை வரலாற்றையும் இவர் எழுதி முடித்தார். கொல்லப்பட்ட ஒரு குருவைப் பற்றிய அந்நூல், கொன்றவர்களின் இனத்தைக் குற்றஞ்சாட்டுவதற்காக எழுதப்பட்டதன்று. கொடுமையாலும் பொய்க் குற்றச்சாட்டுகளாலுமே கிளர்ச்சி மூண்டது என்றும், அம்மக்களுக்கு இன்னும் கூடுதலான குருக்கள் தேவை என்றும் அந்நூல் வாதிடுகிறது. கீனோ பீமேரியாவுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது.

1697 இல் படைத்தலைவர்கள் ஹுவான் மாத்தியோ மாஞ்ஹே, கிறிஸ்தோபல் மார்த்தீன் பெர்னால் ஆகியோருடன் இவர் சான் பெத்ரோ ஆற்றுவழியே பயணம் செய்தார். அங்கு வாழ்ந்த சொபாய்ப்பூரி என்னும் பீமா பிரிவினர் கொள்ளையரின் கூட்டாளிகள் அல்லர், அவர்களின் எதிரிகள் என்பதை அதிகாரிகள் நேரில் கண்டனர். 1698 இல் தலைவர் கோரோ தலைமையில் அம்மக்கள் அப்பாச்சிகளையும் அவர்களது கூட்டாளிகளையும் தோற்கடித்தபோது, நெடுநாள் சுமத்தப்பட்ட திருட்டுப் பழி வலுவிழந்தது.

கலிபோர்னியா தீவா, தீபகற்பமா?

16 ஆம் நூற்றாண்டில் எசுப்பானிய மாலுமிகள் கலிபோர்னியா வளைகுடாவின் வடமுனைவரை சென்று, அது தலைநிலத்துடன் இணைந்தது என்று அறிந்திருந்தனர். ஆயினும் 17 ஆம் நூற்றாண்டில் அதனைத் தீவாகக் காட்டும் நிலப்படங்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. இங்கோல்ஸ்டாட்டில் கீனோவின் ஆசிரியரான ஆடம் ஐகன்லெர் அதனைத் தீபகற்பம் என்றே கற்பித்தார். மெக்சிகோவுக்கு வந்தபின் பிறர் கூற்றை நம்பிக் கீனோவும் அதனைத் தீவு என்று கருதத் தொடங்கினார்.

இவ்வினாவுக்கு நடைமுறைப் பயன் இருந்தது. தரைவழி இருந்தால் லொரெத்தோவுக்குக் கப்பலில்லாமல் மாடுகளையும் தானியத்தையும் அனுப்பலாம். மணிலாவிலிருந்து பல மாதங்கள் கடலில் வரும் கப்பல்களுக்குக் கலிபோர்னியக் கரையில் உணவும் ஓய்வும் தரலாம். முன்னதாக 1694 இல், வளைகுடாவைக் கடப்பதற்காகக் கபோர்க்காவில் மரம் வெட்டி ஒரு படகு கட்டவும் கீனோ தொடங்கியிருந்தார். மேலாளர்களின் ஆணையால் அப்பணி நிறுத்தப்பட்டது.

நீலச் சிப்பிகள்

1699 இல் ஹீலா ஆற்றங்கரைக்குச் சென்றபோது அங்குள்ள மக்கள் கீனோவுக்குச் சில நீலச் சிப்பிகளைக் கொடுத்தனர். அடுத்த ஆண்டு ஒரு தலைவர் இருபது சிப்பிகள் கோத்த சரம் ஒன்றை அனுப்பினார். 1684 இல் பசிபிக் கரையில் கண்ட சிப்பிகளே இவை என்பது கீனோவின் நினைவுக்கு வந்தது. வளைகுடாவின் கரைகளில் இவ்வகைச் சிப்பி கிடைப்பதில்லை. படகுப் பயணம் அறியாத உள்நாட்டு மக்களின் கையில் அவை எவ்வாறு வந்தன?

1700 இல் பாக் ஊரில் பல பகுதிகளின் தலைவர்களை அழைத்து இவர் உசாவினார். சிப்பிகள் மேற்குக் கடற்கரையிலிருந்து தரைவழியே கைமாறி வந்தவை என்று அவர்கள் கூறினர். ஐரோப்பிய நிலப்பட வரைஞர்கள் பல பத்தாண்டுகள் தீர்க்காத ஐயத்துக்கான விடை முதற்குடிகளின் வணிகப் பாதைகளில் ஏற்கெனவே இருந்தது. அதைக் கேட்டறிந்து, பின்னர் அளந்து உறுதிசெய்தது கீனோவின் பங்காகும்.

தரைவழிப் பயணங்கள்

1698 இல் பினக்காத்தே எரிமலைப் பகுதியின் உச்சியிலிருந்து, வளைகுடா வடக்கே முடிவடைவதைக் கீனோ தொலைநோக்கியால் கண்டிருந்தார். 1700 அக்டோபரில் ஹீலா ஆறும் கொலராடோ ஆறும் கூடுமிடத்தை அடைந்தார். அருகிலிருந்த குன்றின்மேல் ஏறிப் பார்த்தபோது மேற்கே கடல் தென்படவில்லை, நிலமே பரந்திருந்தது.

1701 நவம்பரில் கொலராடோ ஆற்றையே கடந்தார். உலர்ந்த மரங்களைக் கட்டிய தெப்பத்தின்மேல் ஒரு பெரிய கூடை வைக்கப்பட்டது. கூடைக்குள் அமர்ந்த கீனோவை ஆற்றின் மறுகரைக்குக் கொண்டுசேர்த்தவர்கள் கிக்கீமா மக்களாவர்.

1702 மார்ச்சில் மனுவேல் கொன்சாலெஸ் என்னும் குருவுடன் ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தார். அங்கே வளைகுடாவின் நீர்மேல் கதிரவன் உதிப்பதைக் கண்டார். கடல் கிழக்கே உள்ளது என்றால் நிற்குமிடம் அதன் மேற்குக் கரை, அதாவது கலிபோர்னியா ஆகும். தலைநிலத்திலிருந்து புறப்பட்டவர் கடலைக் கடக்காமலே அங்கு வந்திருந்தார். இப்பயணத்தில் நோயுற்ற கொன்சாலெஸ் திரும்பும் வழியில் துபுத்தாமாவில் இறந்தார்.

நிலப்படத்தின் வரவேற்பு

1701 இல் கீனோ வரைந்த 'கலிபோர்னியாவுக்குத் தரைவழி' என்னும் நிலப்படம் 1705 இல் பாரிசில் அச்சிடப்பட்டு ஐரோப்பாவில் பரவியது. எனினும் ஐயம் உடனே தீரவில்லை. கீனோவுடன் பயணித்த மாஞ்ஹேயே பிற்பாடு முழுமையாக ஏற்கத் தயங்கினார். 1746 இல் பெர்னாந்தோ கொன்சாக் என்னும் இயேசு சபைக் குரு படகில் வளைகுடாவின் வடமுனைவரை சென்று உறுதிசெய்தார். 1747 இல் மன்னர் ஆறாம் பெர்னாந்தோ கலிபோர்னியா தீவு அன்று என்று ஆணையிட்டு அறிவித்தார். அப்போது கீனோ இறந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எழுத்துகள்

கீனோ முப்பதுக்கும் மேற்பட்ட நிலப்படங்களை வரைந்தார். போர்த்துக்கீசப் பெருமகளான அவெய்ரோ கோமகளுக்கு இவர் எழுதிய கடிதங்கள் பல எஞ்சியுள்ளன. இறுதி ஆண்டுகளில் தம் பணியின் வரலாற்றை 'விண்ணக அருட்கொடைகள்' என்று பொருள்படும் தலைப்பில் எழுதினார். கையெழுத்துப் படியாகவே மறக்கப்பட்டிருந்த அந்நூலை அமெரிக்க வரலாற்றாசிரியர் எர்பர்ட் யூஜீன் போல்ட்டன் மெக்சிகோ ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்து, 1919 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1936 இல் அவர் கீனோவின் விரிவான வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். இன்று கீனோவைப் பற்றி அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி கீனோவின் சொந்த எழுத்துகளையே சார்ந்தது. ஓ'ஓதாம் மக்கள் தரப்பில் எழுதப்பட்ட சமகாலப் பதிவு ஏதும் இல்லை என்பதை வாசகர் கருத்திற்கொள்ள வேண்டும்.

இறப்பு

1701 இல் தொடங்கிய எசுப்பானிய அரியணைப் போர் அரசின் கருவூலத்தை வறிதாக்கியது. புதிய தளங்களுக்குக் குருக்களும் பணமும் வரவில்லை. கொலராடோ ஆற்றங்கரையில் தளம் அமைக்கும் கீனோவின் திட்டம் நிறைவேறவில்லை. பாக் ஊரில் 1700 ஏப்ரலில் இவர் அடிக்கல் நாட்டிய பெருங்கோவிலும் இவர் காலத்தில் முடிக்கப்படவில்லை.

1711 மார்ச்சில் மக்தலேனாவில் புனித சவேரியார் பெயரில் கட்டப்பட்ட சிற்றாலயத்தை அர்ச்சிக்கச் சென்றபோது நோயுற்று, மார்ச் 15 நள்ளிரவையொட்டி இறந்தார். இரண்டு கன்றுத் தோல்கள் மெத்தையாகவும், இரண்டு கம்பளிகள் போர்வையாகவும், ஒரு சேணம் தலையணையாகவும் இருந்த படுக்கையில் இவர் இறந்ததாக, டொலோரெசில் இவருக்குப் பின் பொறுப்பேற்ற லூயிஸ் வெலார்தே எழுதியுள்ளார். அந்தச் சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்கால நிலைமை

கீனோ பெற்ற விலக்கு 20 ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. அவருக்குப்பின் சுரங்கங்களும் குடியேறிகளும் வடக்கே பெருகினர். தளங்களில் நெருங்கி வாழ்ந்த மக்களைப் பெரியம்மை, தட்டம்மை முதலிய கொள்ளைநோய்கள் மீண்டும் மீண்டும் தாக்கின. 1751 இல் லூயிஸ் ஒவாக்பிக்காகிகுவா என்ற தலைவரின் கீழ்ப் பீமா மக்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்தனர். 1767 இல் எசுப்பானிய மன்னர் தம் ஆட்சிப்பகுதிகள் அனைத்திலிருந்தும் இயேசு சபையினரை வெளியேற்றினார். தளங்கள் பிரான்சிஸ்கன் சபையினரிடம் சென்றன. பாக் ஊரில் இன்று காணப்படும் வெண்ணிறக் கோவில் அவர்களால் 1783–1797 இல் கட்டப்பட்டதாகும்.

1853 இல் கையெழுத்தான காட்ஸ்டன் உடன்படிக்கையால் ஓ'ஓதாம் மக்களின் நிலம் இரு நாடுகளுக்கிடையே பிளவுபட்டது. நெடுங்காலம் பாப்பாகோ என்று பிறரால் அழைக்கப்பட்ட பிரிவினர் 1986 இல் தோஹோனோ ஓ'ஓதாம் நாட்டினம் என்ற தங்கள் சொந்தப் பெயரை அதிகாரமுறையில் ஏற்றுக்கொண்டனர்.

மதிப்பீடு

போல்ட்டனும் அவரைப் பின்பற்றியோரும் கீனோவை வீரப் பயணியாகவும் மக்களின் காவலராகவும் சித்திரித்தனர். பிந்தைய ஆய்வாளர் சிலர், மறைப்பணித் தளமும் குடியேற்ற ஆட்சியின் ஒரு கருவியே என்பதை வலியுறுத்தினர். மக்களை ஒரே ஊரில் குடியமர்த்தியது, அவர்தம் வழிபாட்டையும் வாழ்முறையையும் மாற்ற முனைந்தது, கொள்ளைநோய் பரவ வழிசெய்தது ஆகியவற்றை அவர்கள் சுட்டுகின்றனர்.

கீனோ எசுப்பானிய ஆட்சியின் உரிமையை ஒருபோதும் மறுக்கவில்லை. அவ்வாட்சியின் சட்டத்தைக் கொண்டே அதன் கொடுமையைத் தடுக்க முயன்றார். கட்டாய வேலைக்கு எதிராக அவரிடம் இருந்த கருவி மன்னரின் ஆணை. பொய்ப் பழிக்கு எதிராக இருந்த கருவி கடிதமும் நிலப்படமும் நேரடிப் பயணமும். அவர் வரைந்த பாதைகள் பின்னாளில் படைவீரருக்கும் குடியேறிகளுக்கும் பயன்பட்டன. அவர் கொண்டுவந்த கோதுமையும் மாடுகளும் ஓ'ஓதாம் மக்களின் வாழ்வில் நிலைத்தன. காக்க முனைந்த பணியும் ஆட்சியைப் பரப்பிய பணியும் ஒரே மனிதரிடம் பிரிக்கமுடியாதபடி கலந்திருந்தன.

நினைவுச் சின்னங்கள்

1965 இல் ஐக்கிய அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திலுள்ள தேசியச் சிலை மண்டபத்தில் அரிசோனாவின் சார்பில் கீனோவின் சிலை வைக்கப்பட்டது. 1966 மே மாதத்தில் மெக்சிகோ ஆய்வாளர்கள் மக்தலேனாவில் இவரது எலும்புகளை அகழ்ந்து கண்டறிந்தனர். அவை அவ்வூரின் சதுக்கத்திலுள்ள நினைவு மண்டபத்தில் பொதுமக்கள் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன. அவ்வூர் இன்று மக்தலேனா தே கீனோ எனப்படுகிறது. சொனோராவின் கடற்கரை ஊரொன்றும் கீனோ விரிகுடா என்ற பெயர் பெற்றுள்ளது. 2020 சூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் இவரை வணக்கத்துக்குரியவர் என அறிவிக்க ஒப்புதல் அளித்தார்.

மக்தலேனாவில் சாய்ந்து கிடக்கும் நிலையிலுள்ள சவேரியார் திருவுருவத்தை வணங்க ஒவ்வோராண்டும் அக்டோபர் 4 ஐ ஒட்டி மக்கள் கூடுகின்றனர். அத்தேதி உண்மையில் அசிசி நகரப் புனித பிரான்சிசின் விழாநாள் ஆகும். ஓ'ஓதாம் மக்கள் நெடுங்காலமாக எல்லைக்கு இருபுறமிருந்தும் இத்திருவிழாவுக்குப் பயணமாக வருகின்றனர்.